பன்னிரண்டாம் நம்பர் தறியின் பேய்

உதவி இயக்குநரின் வேலை, இயக்குநர் மறந்துபோவதை நினைவில் வைத்திருப்பது. சின்ன பட்ஜெட் பேய்ப்படத்தில், பார்ப்பவர்கள் பார்க்கக் கூடாததை மறைப்பதும் அதில் சேரும். கையில் அட்டையும் பேனாவுமாக வெயிலில் நின்ற அனைவருக்கும் இது தெரியும். நான் நின்றது ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில், ‘பன்னிரண்டாம் நம்பர் தறி’ என்ற படத்துக்காக. விசைத்தறியில் முந்தானை சிக்கி இறந்துபோன பெண் அதே தறிக்கூடத்துக்குப் பேயாகத் திரும்பி வருகிறாள். அவ்வளவுதான் கதை. எட்டு வருடம் ஆகிவிட்டது. இன்றும் யாராவது அதில் ஒரு காட்சியை வெட்டி எனக்கு அனுப்பிச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். பிறகு படத்தை முழுதாக ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

நிபந்தனை

இயக்குநர் ராஜு அண்ணன் அதுவரை திருப்பதியில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர். நடிகையை அழைத்துவர வழியில்லாததால் தறிக்கூடத்திலேயே பேய் தேடினோம். கஸ்தூரி அங்கே தறி ஓட்டிக்கொண்டிருந்தார். முப்பது வயதிருக்கும். ஓடும் தறிகளுக்கு நடுவே உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, எதிலும் உரசாமல் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனார். அண்ணன் அதற்குப் பிறகு வேறு யாரையும் பார்க்கவில்லை. அந்த நடை படத்தில் அப்படியே இருக்கிறது. கால்களே இல்லாத ஒருத்தி காற்றில் நகர்வதுபோல இருக்கும். பெரிய படங்களில் கம்பி கட்டி இழுத்தும் அது வருவதில்லை.

முகத்துக்கு அரிசி மாவையும் தயிரையும் குழைத்துப் பூசி, முடியை முன்னால் இழுத்துவிடுவது என்று முடிவானது. கஸ்தூரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சினிமாவில் நடிக்கப் போவதாக வீட்டில் சொன்னதற்கு, அவருடைய ஓரகத்தி மல்லிகா தெருவே கேட்கும்படி சிரித்தாராம். “பேயாப் போடுங்க, பிசாசாப் போடுங்க. ஒரே ஒரு தரம் என் மூஞ்சி தெரியணும் சார். இல்லன்னா, எவளையோ காட்டி நான்னு சொல்லிக்கினு கீறேன்னு அவ மறுபடியும் சிரிப்பா.” அண்ணனைக் கேட்காமலே நான் சரி என்றுவிட்டேன்.

சத்தம்

கடைசிக் காட்சியில் பேய் வரும்போது பதினாறு தறிகளும் தானாக ஓட வேண்டும் என்று எழுதியிருந்தோம். ஓடவிட்டோம். காது கிழிந்தது. மேஸ்திரி ஏழுமலை ஓரமாக நின்று பொட்டுக்கடலை தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். எப்படி இருக்கிறது என்று அண்ணன் கேட்டதும் போய் மெயினை அணைத்தார். பதினாறும் ஒரே நேரத்தில் நின்றன. வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் பதறி உள்ளே ஓடிவந்தார்கள்.

காட்சியை அங்கேயே மாற்றினோம். ஓடிக்கொண்டிருக்கும் தறிகள் ஒவ்வொன்றாக நிற்கும், கடைசியாகப் பன்னிரண்டாம் நம்பர் மட்டும் ஓடும், அதுவும் நிற்கும். பின்னணி இசை இல்லை. படத்தில் நிஜமாகவே பயம் வருகிற இடம் அது ஒன்றுதான். அதை எழுதியவர் என்று யார் பெயரையாவது போட வேண்டுமானால் மேஸ்திரியின் பெயரைத்தான் போட வேண்டும். மெயினை மறுபடி போட்டுவிட்டு அவர் சொன்னார்: “சத்தத்துக்கு நாங்க இன்னாத்துக்கு சார் பயப்படப் போறோம்? நின்னாத்தான், எவளுக்கு இன்னா ஆச்சோன்னு பயம்.”

நிழல்

விளக்குகள் இல்லை. ஜன்னல்களில் நீலத் துணி கட்டி, பகலிலேயே இரவை எடுத்தோம். துணிக்கு நகரியில் பஞ்சமில்லை. ஆனால் கூரைத் தகட்டில் ஓட்டைகள் இருந்தன. உச்சி வெயில் அவற்றின் வழியாக இறங்கியது. பேய் நடக்க நடக்க, சுவரில் அதன் நிழலும் கூடவே அழகாக நடந்தது. அட்டையில் ‘பேய்க்கு நிழல் விழுகிறது’ என்று எழுதி ஒளிப்பதிவாளர் பாஷாவிடம் நீட்டினேன். அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டே படித்தார். “பகல் ஷிப்ட்ல செத்த பேய்னு பக்கத்துல எழுதிக்கோ நைனா.”

ஒரு பேய், மூன்று உயரம்

நடுவில் ஒரு அவசர ஆர்டர் வந்ததால் கஸ்தூரியால் நான்கு நாள் வர முடியவில்லை. மேக்கப்மேன் முனிரத்தினம் மாவைத் தன் முகத்திலேயே பூசிக்கொண்டு இரண்டு நாள் நடித்தார். அவர் கஸ்தூரியைவிட அரை அடி உயரம். மூன்றாம் நாள் அவர் கண்ணில் மாவு போய் வீங்கிவிட்டது. மிச்சம் இருந்தது நான். என் மணிக்கட்டில் கடிகாரம் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டிய ஆள் சேலைக்குள் இருந்தான். பேய் கையை நீட்டிக் கழுத்தை நெரிக்க வரும்போது மணி இரண்டே கால்.

உயரம் மாறிக்கொண்டே இருப்பதால்தான் அந்தப் பேயை நம்பவே முடியாது, அடுத்து எப்படி வரும் என்று தெரியாது, அதுதான் அதன் பலம் என்று ஒருவர் யூடியூபில் மிகத் தீவிரமாகப் பேசியிருக்கிறார். எனக்கும் அவர் சொல்வது சரியென்றே படுகிறது. ஆனால் ஐந்தாம் நாள் திரும்பி வந்த கஸ்தூரிக்கு அப்படிப் படவில்லை. “மூணு பேர் பேயா நின்னா, அதுல நான் எதுன்னு எப்படி சார் தெரியும்?”

ஆறு நொடி

முகம் காட்டுவதற்கு அண்ணன் ஒப்புக்கொள்ளவே இல்லை. மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும், பேய்க்கு முகம் தெரிந்தால் பயம் போய்விடும் என்றார்.

கஸ்தூரியின் காட்சிகள் முடிந்த அன்று மதியம், அவர் முகம் கழுவி, சேலை மாற்றி, ஜன்னலோரம் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாஷா சும்மா லென்ஸைச் சோதித்துக்கொண்டிருந்தார். கஸ்தூரி நிமிர்ந்து பார்த்து, துன்னும்போது எடுக்காதீங்க என்று கையை ஆட்டிச் சிரித்தார். ஆறு நொடி. சென்னையில் எடிட்டரிடம், இது சாவதற்கு முன்னால் அவள் இருந்த நிலை என்று கூசாமல் சொல்லி, பேய் அழுகிற இடத்தின் நடுவில் வைக்கச் சொன்னேன். முன்னோட்டம் பார்த்த அண்ணன் அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். மாவு இல்லாத கஸ்தூரியை அவருக்கு அடையாளமே தெரியவில்லை. “எவர்ரா ஈ அம்மாயி? இந்தப் பொண்ணு யாருன்னு தெரியல, ஆனா இவ சிரிச்ச பெறகுதான் பேய் மேல பாவம் வருது. உண்டனீ, இருக்கட்டும்.”

புத்தூர், மேட்னி

கஸ்தூரி மல்லிகாவையும் தெருப் பெண்களையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு புத்தூருக்குப் படம் பார்க்கப் போனார். நானும் தியேட்டர் வாசலில் போய் நின்றேன். அடுத்த ஆட்டத்துக்கு நேரமாகிறதென்று ஆபரேட்டர் நடுவில் பத்து நிமிடத்தைத் தாண்டவிட்டார். ஆறு நொடி அதற்குள் போய்விட்டது. வெளியே வந்த கஸ்தூரி என்னைக் கடந்து போனார், திரும்பவில்லை. பின்னால் வந்த மல்லிகா கேட்டது மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது. “படம் நல்லாத்தான் கீது. நீ எங்கடி இருந்த?”

குப்பம், சனிக்கிழமை மதியம்

படம் நான்கு நாள் ஓடியது. பிறகு அது போனுக்குள் போய், அங்கே பிழைத்துக்கொண்டது. போன மாதம், மூன்று மாநில எல்லையில் இருக்கும் குப்பம் என்ற ஊரில் கல்லூரி மாணவர்கள் ஒரு ஹாலில் அதைத் திரையிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். கஸ்தூரியிடம் போய் நின்றேன். ஓரகத்தியும் வந்தால் வருவதாகச் சொன்னார். போனில் எவளை வேண்டுமானாலும் காட்டலாம் என்று மல்லிகா அதில் பார்க்கவே மறுத்துவிட்டாராம். மல்லிகா, ஊர் சுற்ற யார் வேண்டாம் என்பார்கள் என்று கிளம்பிவிட்டார்.

மாணவர்கள் முகத்தில் மாவு பூசிக்கொண்டு வந்திருந்தார்கள். நிழல் விழுந்தபோது எழுந்து கைதட்டினார்கள். என் கை நீண்டபோது தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் மணி கேட்டார்கள். தறிகள் நிற்க ஆரம்பித்ததும் அவர்களும் ஒவ்வொருவராகச் சத்தத்தை நிறுத்தினார்கள். பன்னிரண்டாம் நம்பரும் நின்றபோது ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. எட்டு வருடத்துக்குப் பிறகும், ஒவ்வொரு நொடியும் எனக்குத் தெரிந்தும், மயிர் கூச்செறிந்தது. பேய் அழுதது. கஸ்தூரி நிமிர்ந்து சிரித்தார்.

யாரும் விசிலடிக்கவில்லை. அந்த அமைதியில் மல்லிகா இருக்கையிலிருந்து எழுந்தேவிட்டார். தறி ஓட்டுகிறவர்கள் ஒரு பெண்ணைப் பார்த்தால் முதலில் சேலைக் கரையைத்தான் பார்ப்பார்கள், முகம் அப்புறம். “அடியே, அது என் சேலைடி! அந்தக் கரை நான் ஓட்டினது. எத்தனை நாள் தேடினேன்!” கஸ்தூரி அவர் கையைப் பிடித்து இழுத்தார். “சேலைய வுடு. மூஞ்சியப் பாருக்கா, மூஞ்சிய!” மல்லிகா உட்காராமல் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். “பார்த்தேன், பார்த்தேன். மூஞ்சி உன்னுதுதான். சேலை என்னுது.”

பேய் இருப்பதாக எங்கள் படம் இதுவரை ஒருவரையும் நம்ப வைத்ததில்லை என்றாலும், அதில் கஸ்தூரி இருப்பதாக மல்லிகாவை நம்ப வைக்க அதற்கு எட்டே வருடம்தான் ஆனது.