ஜெகதீஸ்வரி தானே போட்ட புள்ளடி

ஜெகதீஸ்வரி ஒரு தடவைகூட வாக்களித்ததில்லை என்று சொன்னால் அது பாதி உண்மைதான். ஜெர்மனியில் இருந்த காலத்தில், தேர்தல் வந்தால் வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வரும். கணவர் விஜயரத்தினம் சமையலறை மேசையில் இரண்டு சீட்டையும் விரித்து வைத்து, இரண்டிலும் பெயருக்கு எதிரே தானே பெருக்கல் குறி மாதிரிப் புள்ளடி போடுவார். பிறகு, "இஞ்சை வந்து ஒரு கையெழுத்து வையும்" என்று கூப்பிடுவார். கறியை இறக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஜெகதீஸ்வரி கையெழுத்து வைப்பார். அவ்வளவுதான் வாக்களிப்பு.

லண்டனுக்கு வந்த பிறகு அதுவும் நின்றுபோனது. தெற்கு லண்டனில், மிச்சம் என்ற ஊரில் வீடு எடுத்தார்கள். விஜயரத்தினம் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு பலசரக்குக் கடை போட்டார். ஜெகதீஸ்வரி சில வருடங்கள் கடையில் நின்றார். பிறகு ஒருநாள், யாரிடமும் ஆலோசனை கேட்காமல், பஸ் ஓட்டப் பழகப் போனார்.

"உமக்கென்ன விசரோ?" என்றார் கணவர்.

மூன்று மாதத்தில் சிவப்பு மாடி பஸ்ஸோடு தெருவில் இறங்கினார் ஜெகதீஸ்வரி. டூட்டிங் நெருக்கடிக்குள் அவர் அந்த பஸ்ஸை வளைத்து எடுப்பதை ஒருதரம் நேரில் பார்த்த விஜயரத்தினம், அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம், "என்ரை மனுசி லண்டன் பஸ் ஓடுறா" என்று தானே தொடங்கிச் சொல்லுவார்.

இந்த வருடம் மே மாதம் கவுன்சில் தேர்தல் வந்தது. விஜயரத்தினத்தோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த கிருஷ்ணமூர்த்தி இவர்களுடைய வட்டாரத்தில் போட்டியிட்டார். துண்டுப்பிரசுரக் கட்டோடு வீட்டுக்கு வந்தவரிடம் ஜெகதீஸ்வரி ஒரு கேள்வி கேட்டார்.

"அண்ணை, நாங்கள் பஸ்ஸைத் திருப்புற இடத்திலை டிரைவர்மாருக்கு ஒரு டொய்லெட் இல்லை. பொம்பிளையள் படுற பாடு சொல்லி வேலையில்லை. நீங்கள் வந்தால் ஏதும் செய்வியளோ?"

கிருஷ்ணமூர்த்தி சிரித்தார். "தங்கச்சி, அதெல்லாம் பஸ் கொம்பனியின்ரை வேலை. முதல்லை வாக்கைப் போடுங்கோ, பிறகு பாப்பம்."

அடுத்த கிழமை இன்னொரு கட்சியின் வேட்பாளர் கதவைத் தட்டினார். ஆபிரிக்கப் பெண், மகள் துஷ்யாவின் வயது இருக்கும். அதே கேள்விக்கு, தனக்குத் தெரியாது என்று சொன்னார். சனிக்கிழமை திரும்பி வந்தார். அந்த நிலம் கவுன்சிலுடையது, அனுமதி கொடுத்தால் கொம்பனி கட்டலாம், தான் வந்தால் அதைக் கேட்பேன், முடியும் என்று வாக்குறுதி தரமாட்டேன் என்றார். ஜெகதீஸ்வரிக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது.

ஆனால் தேர்தல் நாளில் அவருக்கு விடியலிலும் பின்னேரமுமாக இரண்டாகப் பிரிந்த ஷிப்ட், நடுவில் வாக்குச்சாவடிக்கு வந்துபோக நேரம் காணாது.

"அம்மா, போஸ்டல் வோட்டுக்குப் போடுங்கோ, ஒன்லைன்ல ஈசி" என்று துஷ்யா போனைக் கையில் எடுத்தாள். நெஷனல் இன்சூரன்ஸ் நம்பர், பிறந்த திகதி எல்லாம் பதிந்தாள். வெள்ளைத் தாளில் அம்மா வைத்த கையெழுத்தைப் படமெடுத்து ஏற்றினாள். தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

தேர்தலுக்கு முன்பே, ஏப்ரலில், வாக்குச்சீட்டுக் கடிதவுறை வந்தது. விஜயரத்தினம் பேனாவோடு மேசையில் தயாராக இருந்தார்.

"கொண்டாரும். நான் போட்டுத் தாறன்."

"வேண்டாம். நானே போடுறன்."

"கிருஷ்ணமூர்த்திக்குத்தானே? ஆர் போட்டால் என்ன?"

"என்ரை பேருக்கு வந்தது, நானே போடுறன்" என்று சொல்லி, உறையைக் கைப்பையில் வைத்து ஸிப்பை இழுத்துக்கொண்டு ஜெகதீஸ்வரி வேலைக்குப் போனார். பஸ் ஓட்டும்போதெல்லாம் சண்டை பிடித்துவிட்டு வந்த மாதிரியும் இருந்தது, சிரிப்பும் வந்தது.

டிப்போ கன்ரீனில், முதுகைச் சுவரோடு வைத்து இருந்துகொண்டு சீட்டை விரித்தார். மூன்று பேருக்குப் போடலாம் என்று எழுதியிருந்தது. கதவுக்கு இரண்டு தரம் வந்த பெண்ணுக்கு முதல் புள்ளடி. பேனா கொஞ்ச நேரம் நின்றது. விஜயரத்தினம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கிருஷ்ணமூர்த்திதான் ஜெகதீஸ்வரியைத் தினமும் காரில் ஏற்றி இறக்கினார். அவருக்கும் ஒன்று போட்டார். மூன்றாவதை வெறுமையாக விட்டார், மற்றவர்களைத் தெரியாது. பிறகு கூட வந்த படிவத்தை நிரப்பி, எல்லாவற்றையும் உறைக்குள் வைத்து ஒட்டினார்.

பக்கத்தில் வந்து இருந்த டொலறஸ், அவரும் தமிழ் ஆள், பஸ் சாரதிதான், கேட்டார்: "அக்கா, டேற் ஒஃப் பேர்த் எழுதினீங்களோ? கன பேர் அதிலை பிழை விடுறவை."

ஜெகதீஸ்வரியின் முகம் மாறியது. "ஐயோ, நான் பிறந்த திகதிக்குப் பதிலா இண்டைய திகதியை எல்லே எழுதிப்போட்டன்!"

"அப்ப உங்கடை வாக்கை எண்ணமாட்டினம். தபாலிலை போடாதேங்கோ. கவுன்சிலுக்குக் கொண்டுபோய்க் குடுங்கோ, புதுசு தருவினம்."

லீவு நாளில் ட்ராம் பிடித்து, பிறகு நடந்து கவுன்சில் அலுவலகத்துக்குப் போனார். பிழைவிட்டதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. கவுண்டரில் இருந்த ஆள் கூசும்படி ஒன்றும் சொல்லவில்லை. காலையிலிருந்து இது நாலாவது என்று மட்டும் சொல்லி, அடையாள அட்டையைப் பார்த்து, பழைய சீட்டுகளை வாங்கி ரத்துச் செய்து, புதிய உறை ஒன்றைக் கொடுத்தார். ஜெகதீஸ்வரி மூலைக் கதிரையில் இருந்து மறுபடி புள்ளடி போட்டார். பிறந்த திகதியை ஒவ்வொரு இலக்கமாக வாய்க்குள் சொல்லிச் சொல்லி எழுதினார். அங்கேயே கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது வெயில் எறித்தது. காசு கொடுத்து ஒரு ஐஸ்கிரீம் வாங்கி, நடந்துகொண்டே தின்றார். எப்போது கடைசியாக அப்படித் தின்றார் என்று அவருக்கே ஞாபகமில்லை.

முடிவு வந்தது. அந்தப் பெண் வென்றார். கிருஷ்ணமூர்த்தி சொற்ப வாக்குகளால் தோற்றார். விஜயரத்தினம் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

"உண்மையைச் சொல்லும். நீர் அவனுக்குப் போட்டனீரோ?"

"உங்களுக்கு ஏன் அது?" என்றார் ஜெகதீஸ்வரி, குழம்பை அவர் பக்கம் தள்ளியபடி. சொல்லியிருந்தால் அவர் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனாலும் சொல்லவில்லை.

சாப்பாடு முடிந்ததும் கிருஷ்ணமூர்த்தியின் மனைவி செல்வமலருக்குப் போன் எடுத்தார். மறுமுனையில் அவர் அழுதார். ஜெகதீஸ்வரி ஆறுதலாகக் கதைத்தார். கதை மெல்ல மெல்லப் பிள்ளைகளுக்கும் சீலைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. இடையில் ஏதோ சொல்லி இரண்டு பெண்களும் பெலத்துச் சிரித்தார்கள். விஜயரத்தினம் எழுந்து, கோப்பைகளைத் தானே கழுவத் தொடங்கினார்.