மாப்பிள்ளை மாற்றிய மதர்போர்டு

எங்கள் வீட்டில் மாப்பிள்ளை சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது. அக்காவின் கணவர், எனக்கு அத்தான், சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தார். அவர் வந்துவிட்டால் அம்மா டேபிள் ஃபேனைக்கூட அவர் பக்கமே திருப்பி வைப்பாள். நானும் கம்ப்யூட்டர்காரிதான். திருநெல்வேலி டவுணில், வீட்டு முன்னறையில் டி.டி.பி. வேலை செய்துகொண்டிருந்தேன். எனக்கு யார் ஃபேனைத் திருப்பப் போகிறார்கள்?

அந்த முறை அத்தான் எனக்காக ஒரு புது மதர்போர்டு கொண்டுவந்திருந்தார். என் பழைய போர்டில் பேட்டரி செத்துப்போய், கரண்ட் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும். தினமும் காலையில் ஹார்ட் டிஸ்கில் சிலிண்டர் எத்தனை, படிக்கிற ஹெட் எத்தனை என்ற கணக்கை நானே தட்டிக் கொடுக்கவேண்டும். அதைப் பார்த்துப் பரிதாபப்பட்டுத்தான் வாங்கி வந்தார். நல்ல மனுஷர். வந்த கையோடு மாட்டியும் விட்டார்.

ஸ்விட்சைப் போட்டதும் மெமரி எண்ணியது, டிஸ்க் சுற்றியது, அத்தோடு சரி. டிஸ்கில் தொடங்குவதற்கு ஒன்றுமே இல்லை என்று ஒரு வரி வந்து நின்றது. அத்தான் வயர்களைக் கழற்றி மாட்டினார். மறுபடியும் அதே வரி.

"டிஸ்க்தான் போயிருக்கு. ஃபார்மட் பண்ணிப் புதுசா ஏத்திருவோம்" என்றார்.

எனக்குப் பின்னால் நாற்காலியில் இருந்த டீச்சரம்மா எழுந்தேவிட்டார். கல்லூரியில் வரலாறு நடத்துகிறவர். தாமிரபரணி வாய்க்கால்களைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சி முழுவதும் நான் டைப் அடித்து அந்த டிஸ்கில்தான் இருந்தது. பாதிக்குமேல் ஃபிளாப்பியில் எடுத்துவைக்கவில்லை. அடுத்த வாரம் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாகவேண்டும். "என்னோடது இருக்கும்லா?" என்று என்னைத்தான் கேட்டார்.

அத்தானின் விரல் கீபோர்டுக்குப் போனது. "தொடாதீங்க அத்தான்" என்றேன்.

அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். "ஏட்டி, யாரைப் பாத்து என்ன பேசுத? மாப்பிள்ளைக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிட்டு?"

தெரிந்துவிட்டது என்பதுதான் உண்மை. புது போர்டு காட்டிய கணக்கில் ஹெட் பதினாறு என்று இருந்தது. என் டிஸ்குக்குப் பதினைந்து. தினமும் காலையில் காப்பி குடிக்குமுன் தட்டிய எண், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அத்தான் புதுப் போர்டு என்பதால் புது முறையில் எண்ணச் சொல்லியிருந்தார். எங்கள் தெருவுக்கு நகராட்சி புது கதவு எண் போட்டபோது, தபால்காரர் எங்கள் கடிதங்களை நாலு வீடு தள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதற்காக நாங்கள் வீட்டைக் காலிசெய்துவிட்டோமா என்ன? அப்படித்தான் டிஸ்கும். எழுதியது எழுதிய இடத்திலேயே இருக்கிறது, போர்டு தப்பான கதவைத் தட்டுகிறது. ஃபார்மட் பண்ணினால்தான் வீடே போகும்.

இதைச் சொன்னதும் அத்தான் முகம் சிவந்து நாற்காலியை விட்டு எழுந்தார். நான் உட்கார்ந்தேன். தப்பாகிப்போனால் டீச்சரம்மா முகத்திலும் முழிக்க முடியாது, அக்கா முகத்திலும் முழிக்க முடியாது. எண்ணும் முறையைப் பழையதற்கு மாற்றினேன். ஹெட் பதினைந்து என்று வந்தது. சேமித்துவிட்டு மறுபடி ஓட்டினேன். திரையில் வரிகள் கடகடவென்று ஏறின. டீச்சரம்மாவின் கடைசி இயலைத் திறந்தேன். கோடகன் கால்வாய் பற்றிய பத்தி, முந்தின நாள் நான் விட்ட எழுத்துப்பிழையோடு அப்படியே இருந்தது. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தியா, மாப்பிள்ளை கைராசி!" என்றாள் அம்மா.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாயைத் திறப்பதற்குள் அத்தான் முந்திக்கொண்டார். "இல்ல அத்தை. இவ தடுக்கலன்னா நான் அம்புட்டையும் அழிச்சிருப்பேன்."

அம்மா உள்ளே போனாள். வாயாடி, அடங்காப்பிடாரி என்று முணுமுணுத்தது முன்னறைவரை கேட்டது. எங்கள் வீட்டில் மாப்பிள்ளை சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்கள் உட்காருவோம். அன்று மத்தியானம் அம்மா அத்தானுக்கு இலை போட்டாள். பக்கத்தில் இன்னொன்றும் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமலேயே, "ஒக்காரு. சோறு ஆறுது" என்றாள்.