இரண்டாவது சரணத்தில் ஒரு டிக்

தொண்ணூறுகளின் கடைசியில் ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் குடியிருந்தபோது எனக்கு வரும் பார்சல்களை வீட்டுக்கு அனுப்பச் சொல்ல மாட்டேன். ஆபீஸுக்குத்தான். பெண்டாட்டிக்குப் பயந்துதான், சுற்றி வளைப்பானேன். "இன்னும் ஒரே ஒரு ரெக்கார்டு இந்த வீட்டுக்குள்ள வரட்டும், ஒண்ணு அது இருக்கும், இல்லேன்னா நான் இருப்பேன்" என்று சொல்லியிருந்தாள். பழைய பாட்டு ரெக்கார்டுகள் அப்போதே பூஜை அலமாரியின் கீழ்த்தட்டு வரைக்கும் வந்துவிட்டிருந்தன. அவள்மேல் தப்புச் சொல்ல முடியாது.

எல்லாம் அந்த ஃப்ரீவேயால் வந்த வினை. தினம் போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். காரில் ரேடியோவைத் திருகிக்கொண்டே போனவன் ஒரு நாள் சோல் பாட்டில் மாட்டிக்கொண்டேன். சோல் என்றால் அறுபது எழுபதுகளில் கறுப்பின அமெரிக்கர்கள் பாடிய காதல் பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பைத்தியம் முற்ற முற்ற, எல்லாருக்கும் தெரிந்த பாட்டு அலுத்துப் போகும், யாருக்கும் தெரியாத பாட்டு வேண்டியிருக்கும். கடைசியில் எல்லாரும் வந்து நிற்கிற இடம் காஸ்பல். அதே தொண்டை, அதே டிரம், அதே ஆர்கன்தான். ஆனால் பாடுவது சர்ச்சில், கடவுளுக்கு. ஏதோ ஒரு தெருமுனை சர்ச் தன் ஆண்டு விழாவுக்காக இருநூறு முந்நூறு காப்பி போட்டு, ஞாயிற்றுக்கிழமை வாசலில் வைத்துத் தன் ஜனங்களிடமே கொடுத்திருக்கும். எந்தக் கடைக்கும் போயிருக்காது. அதனால்தான் கிடைக்காது, கிடைக்காததால்தான் எங்களுக்கு வேண்டும்.

அது மட்டும் காரணமில்லை என்றும் சொல்ல வேண்டும். காதலிக்காகப் பாடுகிறவன் எவ்வளவு உருகினாலும் பக்கத்தில் யார் கேட்கிறார்கள் என்று ஒரு கண் வைத்திருப்பான். சர்ச்சில் பாடுகிற இவர்கள் வைப்பதில்லை. பகலில் சமையல்காரியாகவும் பஸ் டிரைவராகவும் இருந்தவர்கள் மூன்று நிமிஷம் அப்படிப் பாடிவிட்டு மறுநாள் வேலைக்குப் போய்விட்டார்கள். அதைக் கேட்கிற எங்கள் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் சாமி கும்பிடாதவர்கள். பாட்டில் ஏசு என்று வந்தால் கொஞ்சம் நெளிந்து, "அந்த பேஸ் கிட்டாரைக் கவனிங்க" என்பார்கள். நானும் கோயிலுக்குப் புளியோதரைக்காகப் போகிற ஆள்தான். ஆனால் காரில் தனியாக அந்தப் பாட்டுகளைக் கேட்டு அழுதிருக்கிறேன்.

ஆபீஸில் தபால் பிரிக்கிற மெயில் ரூமில் ஒரு கறுப்பின அம்மா இருந்தார். அறுபதை ஒட்டிய வயது. எல்லாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எனக்கு நாக்கு வராது, "மேடம்" என்பேன். அதற்கே விழுந்து விழுந்து சிரிப்பார். என்னை "ஹனி" என்பார். அந்த வார்த்தைக்கு நேரான தமிழ் என்னிடம் இல்லை, அப்படியே வைத்துக்கொள்கிறேன். மற்றபடி அவர் பேசியதெல்லாம் இங்கே என் தமிழில்.

"ஹனி, வாரா வாரம் உனக்கு என்ன இது, சின்ன சின்ன பீட்சாவா வருது?" என்றார் ஒரு நாள், சதுரமான அட்டைப் பார்சலைக் காட்டி. பிரித்துக் காட்டினேன். கையகல ரெக்கார்டு, பக்கத்துக்கு ஒரு பாட்டு. லேபிளில் லூசியானா சர்ச் ஒன்றின் பெயர். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார். எங்கள் சர்ச்சும் இப்படி ஒன்று போட்டது, என் மகன்தான் அதில் முன்னால் நின்று பாடினான், அப்போது அவனுக்குப் பதினேழு வயது என்றார். பத்தொன்பதில் ஒரு கார் விபத்தில் போய்விட்டானாம். அவன் குரல் இருப்பது அந்த ஒரு ரெக்கார்டில்தான். ரெக்கார்டு பிளேயர் கெட்டுப்போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. சர்ச்சில் மற்றவர்களிடம் இருந்ததெல்லாம் வெள்ளத்திலும் வீடு மாறியதிலும் போயாகிவிட்டது.

"கேசட்ல போட்டுத் தரேன் மேடம், ஒரு நாள் வேலை" என்றேன்.

ஒரு மாதம் யோசித்தார். ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு தலையணை உறைக்குள் வைத்து எடுத்துவந்தார். "யார் கையிலயும் கொடுக்க மனசு வரலை. நீ பார்சல் பிரிக்கிறதைப் பார்த்திருக்கேன். பச்சைக் குழந்தைக்குத் துணி மாத்துற மாதிரி பிரிக்கிறே. அதான்" என்றார்.

நான் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பழக்க தோஷம். பாதி தூரத்தில் குறுக்கே ஒரு ஆழமான கீறல். ஐயோ, இது மட்டும் இல்லாமல் இருந்தால் என்று மனசுக்குள் மார்க் குறைத்தேன். "இங்க ஒரு சத்தம் வரும். கேசட்ல போடும்போது குறைக்கப் பாக்குறேன்" என்றும் சொன்னேன்.

"தொடாதே" என்றார். "அது அவன் போட்டது. ரெக்கார்டு வந்த அன்னிக்கு அவசரத்துல ஊசியைத் தொப்புன்னு போட்டுட்டான். ரெண்டாவது சரணத்துல டிக்குன்னு ஒண்ணு வரும். அது வரப்பல்லாம் அவன் மண்டையில ஒண்ணு வைப்பேன், அவன் சிரிப்பான்." சொல்லிக்கொண்டே பக்கத்தில் யாரோ நிற்பதுபோல வெறும் காற்றில் ஒரு தட்டுத் தட்டினார். "அவன் போன பிறகும் தட்டிக்கிட்டுத்தான் இருந்தேன்."

ரெக்கார்டை முன் சீட்டில் வைத்தேன். பிரேக் போட்டால் விழுந்துவிடுமே என்று அதற்கு சீட் பெல்ட் மாட்டினேன். இதை எழுதும்போதுகூட என்னை நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

கிளம்புகிற நேரத்தில் வீட்டிலிருந்து செல்லுக்குப் போன். "ஏங்க, நாளைக்கு எட்டு பேர் வராங்க. ஹில்கிராஃப்ட்ல நிறுத்தி கறிவேப்பிலையும் ஃப்ரோசன் தேங்காயும் வாங்கிட்டு வந்துடுங்க." ஹில்கிராஃப்ட் தெருவில்தான் இந்தியக் கடைகள் எல்லாம். ஐந்து நிமிஷ வேலை. வாங்கிக்கொண்டு வாசலுக்கு வரும்போது, முன்பு ஒரே அபார்ட்மென்டில் இருந்த ஒரு நண்பர் எதிரில் வந்தார்.

"என்ன சார், லேபர் கிளியர் ஆயிடுச்சா?"

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் இருந்த நம் ஆட்கள் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு நகர்ந்ததும் இல்லை, கேட்கப்பட்டு நகர்ந்ததும் இல்லை. கிரீன் கார்டுக்கு அது முதல் படி. அவருக்குப் பதினெட்டு மாதம் ஆயிற்று, எனக்கு இருபது. அவருடைய லாயர் என்ன சொன்னார், என்னுடைய லாயர் ஏன் போனையே எடுப்பதில்லை, கம்பெனி மாறினால் திரும்ப முதலிலிருந்தா, இல்லையா. ஏசிக்குக் கீழே நின்று பேசினோம், டீ குடித்தோம், இன்னொருவரும் வந்து சேர்ந்துகொண்டார். தேங்காய்ப் பாக்கெட் கையில் இளகிச் சட்டை நனைந்தபோதுதான் எனக்கு நினைவு வந்தது. அப்போதும் தேங்காய்தான் நினைவுக்கு வந்தது. ஐயையோ கெட்டுவிடுமே என்று காருக்கு ஓடினேன்.

முக்கால் மணி நேரம். ஹூஸ்டன் ஆகஸ்ட், நாலு கண்ணாடியும் ஏற்றியிருந்தது. சீட் பெல்டைத் தொட்டதும் கை சுட்டது. ரெக்கார்டு சேர்ப்பவன் எவனுக்கும் முதலில் சொல்லித் தருகிற பாடம், காரில் விட்டுவிட்டுப் போகாதே என்பதுதான். நானே நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். தலையணை உறையை விலக்கினால், எண்ணெயில் போட்ட அப்பளம்போல ஒரு பக்கம் எழும்பி, மறுபக்கம் மடங்கி நின்றது.

வீட்டுக்கு எப்படி ஓட்டிவந்தேன் என்று தெரியாது. பெண்டாட்டி முதலில், "கார்லயா வெச்சீங்க? ஆகஸ்ட்லயா?" என்றாள். யாருடையது என்று சொன்னதும் ஹாலுக்குப் போய் எங்கள் கல்யாண போட்டோவைக் கழற்றி, அதன் கண்ணாடியை எடுத்துவந்தாள். இன்னொரு படத்திலிருந்தும் ஒன்று. இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் ரெக்கார்டை வைத்து, சமையலறை ஓவனில் மிகக் குறைந்த சூட்டில் வைத்து எடுத்தோம். மேலே கிரைண்டர் கல்லைத் தூக்கி வைத்தாள். விடியும்வரை அது அப்படியே இருந்தது.

காலையில் தட்டையாகத்தான் இருந்தது. நல்ல காலம் என்று ஊசியை வைத்தேன். ஊசி வழுக்கிக்கொண்டு போனது. வெளிப்பக்கம் இருந்த கோடுகள் எல்லாம் இளகி ஒன்றாகிவிட்டிருந்தன. கடைசி அரை நிமிஷம் மட்டும் பாடியது. அதில் கோரஸ் எல்லாரும் சேர்ந்து ஆமென் சொல்கிறார்கள், பையன் குரல் இல்லை. அவனை நான் ஒரு தடவைகூடக் கேட்டிருக்கவில்லை. சனிக்கிழமை காலை நிதானமாகக் கேட்கலாம் என்றிருந்தேன். வந்த எட்டு பேருக்கும் அவள்தான் சிரித்துப் பேசிப் பரிமாறினாள்.

திங்கட்கிழமை அந்த அம்மா ஒரு புதுக் கேசட்டோடு வந்து நின்றார். மேலே பேனாவால் மகன் பெயர் எழுதியிருந்தது. "கேசட் டெக் ரிப்பேர் மேடம்" என்றேன். அடுத்த வாரமும் டெக் ரிப்பேர். மூன்றாவது வாரம் அவர் கேட்கவில்லை, என் கடிதங்களைக் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அதற்கு அவர் கேட்டே இருக்கலாம்.

நான் சும்மா இருக்கவில்லை. எங்கள் பைத்தியங்கள் கூடும் ஈமெயில் குழுவில் கெஞ்சிக் கேட்டேன். யாரிடமாவது இந்த ரெக்கார்டு இருக்கிறதா, வேறொன்றும் வேண்டாம், ஒரு டேப் போதும். பத்துப் பேர் பதில் எழுதினார்கள், கிடைத்தால் தங்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று. இங்கிலாந்திலிருந்து ஒருவர் மட்டும் தன்னிடம் இருப்பதாக எழுதினார். ஊசி படாத மாதிரி இருக்குமாம். ஆனால் டேப் தர மாட்டாராம், ஒரு டேப் வெளியே போனால் ஊரெல்லாம் போய்விடுமாம். விஷயத்தை முழுக்கச் சொல்லி மன்றாடியபின் இறங்கிவந்தார். போனில் ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டுவார், நான் பதிவு செய்யக் கூடாது. சரி என்று சத்தியம் செய்தேன்.

இனி மறைக்க வழியில்லை. மெயில் ரூமுக்குப் போய், நடந்ததை நின்றபடியே சொல்லி, தலையணை உறையை நீட்டினேன். அவர் ரெக்கார்டை எடுத்துக் கட்டைவிரலால் ஒரு சுற்று தடவினார். கீறல் இருந்த இடத்தில் விரல் நின்றது. அங்கே இப்போது வழவழவென்று இருந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். இங்கிலாந்துக்காரர் போனில் போட்டுக் காட்டுவதைச் சொன்னேன். "எப்ப?" என்று மட்டும் கேட்டார். பிறகு கடிதங்களைப் பிரித்து அடுக்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலை காலியாக இருந்த ஒரு மீட்டிங் அறையில் உட்கார்ந்தோம். மேஜை நடுவில் ஸ்பீக்கர் போன். என் சட்டைப்பையில் சின்ன ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. சத்தியமாவது மண்ணாவது என்றுதான் அதை எடுத்து வந்திருந்தேன். இங்கிலாந்துக்காரர் மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டார்.

ஆர்கன், பிறகு அவன். இத்தனை வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்தது இந்தக் குரலைத்தான் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில்கூட எனக்கு அப்படித்தான் தோன்றியது, என்ன ஜென்மமோ. அந்த அம்மா கண்ணை மூடி, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். முதல் சரணம் முடிந்தது. இரண்டாவது சரணத்தில் அவன் குரலை மேலே ஏற்றும்போது அவருடைய வலது கை தானாக மேஜையிலிருந்து எழுந்தது. காற்றில் நின்றது. பாட்டு, டிக் வர வேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிற்று. கை நின்றுகொண்டே இருந்தது. கோரஸ் வந்த பிறகு மெதுவாக இறங்கி மடியில் போய் உட்கார்ந்தது.

"கேட்டீங்களா? ஒரு கீறல்கூடக் கிடையாது. எவ்வளவு சுத்தம் பாருங்க" என்றார் இங்கிலாந்துக்காரர். அவர் பெருமையாகத்தான் சொன்னார், அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

"ஆமா சார், ரொம்ப சுத்தமா இருக்கு. ரொம்ப நன்றி" என்றார் அந்த அம்மா.

போனை வைத்த பிறகு நான் பையிலிருந்து ரெக்கார்டரை எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் கொடுத்த கேசட்டையும் பக்கத்தில் வைத்து, "முழுசாப் பதிவாயிடுச்சு மேடம், இன்னிக்கே இதுல மாத்தித் தரேன்" என்றேன்.

அவர் கேசட்டை மட்டும் எடுத்துக்கொண்டார். "வேண்டாம் ஹனி, அது அந்த ஆளோட ரெக்கார்டு" என்றார். பதினொரு மணித் தபால் வந்திருக்கும் என்று எழுந்து போனார்.