இடுப்புக் கயிறு

என்மேலேயே எனக்கு ஆத்திரம் வரும்போதெல்லாம் அந்த அம்மாவின் முகம் நினைவுக்கு வந்துவிடும். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். பெயர் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி கிளினிக்கில் அவருக்கும் சிங்கள டாக்டருக்கும் நடுவே மொழிபெயர்க்க நின்றிருந்தேன்.

வயிற்று அமிலம் மேலேறி உணவுக்குழாயின் உட்புறத்தைப் புண்ணாக்கிவிட்டது என்றார் டாக்டர். சாப்பிட்டதும் குனியக்கூடாது, இடுப்பை இறுக்கக்கூடாது. நான் அப்படியே தமிழில் சொன்னேன்.

அந்த அம்மாவின் விரல் இடுப்புச் சேலைக்குள்ளேயே இருந்தது. மலையில் ஈரம் படாமல் படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக் கட்டும் கயிறு அப்போது அங்கே இல்லை. ஆனாலும் அது இருப்பதுபோலத் தளர்த்திக்கொண்டே இருந்தார்.

"ரொட்டிய முழுங்கிட்டு மலைக்கு ஓடணுங்க தம்பி. குனியாம எப்படிப் பறிக்கிறது? கொழுந்து கொறைஞ்சா அரைநாள் பேருதான் போடுவாங்க, பாதிச் சம்பளந்தான். இத எனக்கு ஏன் சொல்றீங்க? எங்க தோட்டத்துத் தொரைக்கு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க!"

"என்ன சொல்கிறார்?" என்று டாக்டர் சிங்களத்தில் கேட்டார்.

"சரி என்கிறார்" என்றேன், நானும் சிங்களத்தில்.

அந்த அம்மா மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அவ்வளவு சிங்களம் எனக்கும் தெரியுங்க."

இந்த முறை தம்பி என்று கூப்பிடவில்லை.