பச்சை விளக்குப் பெட்டி

பத்து வயதில் நான் வாயாடி. பெரியவர்கள் செய்யும் தப்பைக் கண்டுபிடிப்பதில் எனக்கு அலாதி ஆனந்தம். அந்த வருஷம் கோடை விடுமுறைக்குப் பாறசாலையில் சித்தி வீட்டுக்குப் போனபோது அதற்கு நல்ல தீனி கிடைத்தது.

சித்தி முன்னறையில் கம்ப்யூட்டர் வைத்து, அச்சுக்குப் பக்கம் அமைத்துக்கொடுக்கும் டி.டி.பி. வேலை செய்துகொண்டிருந்தாள். அதன் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கனத்த பெட்டி உண்டு. உள்ளே தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க், பின்னால் தனி சுவிட்ச், முன்னால் பச்சை விளக்கு. வளைகுடாவில் வேலை பார்த்த சித்தப்பா, விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தது. லீவில் இருந்த நாட்களில், கோப்புகளைப் பிரதி எடுக்கும்போது மட்டும் அதைப் போடுவார், முடிந்ததும் அணைத்துவிடுவார்.

லீவு முடிந்து அவர் வளைகுடாவுக்குத் திரும்பிப் போன நாளிலிருந்து சித்தி அதை அணைக்கவே இல்லை. அன்றிரவு கம்ப்யூட்டரை நிறுத்திய பிறகும் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

மறுநாள் காலை கம்ப்யூட்டர் எழும்பவில்லை. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மின்னி மின்னி நின்றது. சித்தி நிறுத்திப் போட்டாள், மறுபடி நிறுத்திப் போட்டாள், அதே கோடு.

அன்றைக்குப் பார்த்து ஒரு கல்யாணக் கார்டு முடியவேண்டும். பெண் வீட்டாருக்குத் தமிழில், குளத்தூர் மாப்பிள்ளை வீட்டாருக்கு மலையாளத்தில். அதுவரை டியூட்டோரியல் கேள்வித்தாள் அடித்துக்கொண்டிருந்த சித்திக்குக் கிடைத்த முதல் கல்யாணம் அது. இது தவறினால் ஊர்க்காரர்கள் கார்டு அடிக்கப் பழையபடி நெய்யாற்றின்கரைக்கே போய்விடுவார்கள்.

சித்தி பிரிண்டரைக் கழற்றிப் பார்த்தாள். ஸ்கேனரைக் கழற்றினாள். மவுஸையும் உருவினாள். மூடியைத் திறந்து தூசி ஊதினாள். கோடு மின்னியது.

"சித்தி, அந்தப் பெட்டிய மட்டும் அணைக்கல்லியே?"

"அது ஒண்ணும் செய்யாது. சித்தப்பா பாத்துப் பாத்து வாங்கினதாக்கும். நீ போய் விளையாடு."

மூன்று மணிக்குக் கல்யாணப் பெண்ணின் அப்பா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "ஆச்சா மக்கா? பிரஸ்ஸுக்காரன் அஞ்சு மணிக்கு அடச்சிட்டுப் போவான். ஞாயிறாழ்ச்ச சர்ச்சுல வச்சு எல்லாருக்கும் குடுக்கணும்."

"இப்பத் தாறேன் மாமா," என்றாள் சித்தி. அவருக்குத் தேநீர் போட உள்ளே போனாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. மேசைக்குப் பின்னால் கையை விட்டுப் பெட்டியின் சுவிட்சை அணைத்தேன். அதே நேரம் சித்தி திரும்பி வந்தாள். பச்சை விளக்கு அணைந்திருந்ததைக் கண்டதும் என் கையில் பட்டென்று ஓர் அடி. அதுவரை அவள் என்னை அடித்ததே இல்லை. நான் அழுதுகொண்டே கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டேன்.

கோடு ஒருமுறை மின்னி மறைந்தது. திரையில் வண்ணம் வந்தது.

பிற்பாடு இதே தொழிலுக்கு வந்து காரணத்தைத் தெரிந்துகொண்டேன். கம்ப்யூட்டர் விழித்ததும், தன்னை எழுப்பிவிடும் பூட்லோடர் என்ற சின்ன நிரலைத் தேடும். பெட்டியின் சுவிட்ச் போட்டிருந்தால் தன் சொந்த டிஸ்கை விட்டுவிட்டு அதற்குள் போய்த் தேடி, கிடைக்காமல் அங்கேயே நின்றுவிடும்.

நாலரைக்குக் கார்டின் பிரிண்ட் கைக்கு வந்தது. பெண்ணின் அப்பா ஆட்டோ பிடித்துப் பிரஸ்ஸுக்கு ஓடினார். சித்தி என் கையைத் தடவி, "கெட்டிக்காரியாக்கும் நீ," என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் அவள் செய்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பிரதி எடுக்க ஒன்றுமே இல்லாதபோது, போய்ப் பெட்டியின் சுவிட்சைப் போட்டாள்.

"எதுக்கு சித்தி? கரண்டு வீணாவுதே!"

"எரியட்டும் மக்கா. அது எரிஞ்சா எனக்கு ஒரு இதுவாக்கும்."

அதன்பிறகு தினமும் காலையில் பெட்டியை அணைப்பாள், கம்ப்யூட்டர் எழும்பியதும் மறுபடி போடுவாள். விடுமுறை முடிந்து என்னைக் கூட்டிப்போக அம்மா வந்ததும், முதல் வேலையாக இதை அவளிடம் போட்டுக்கொடுத்தேன். குளியலறை பல்பு ஒரு நிமிஷம் சும்மா எரிந்தாலும் வீட்டை இரண்டாக்குகிறவள் அம்மா. சித்திக்கு நன்றாகக் கிடைக்கப்போகிறது என்று காத்திருந்தேன்.

அம்மா அந்தப் பச்சை விளக்கைப் பார்த்தாள். சித்தியைப் பார்த்தாள். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து தலைமுடியைக் கோதிவிட்டாள். எனக்கு மட்டும் ஒரு சட்டம், சித்திக்கு ஒரு சட்டமா என்று பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை நான் அம்மாவோடு பேசவில்லை.