குளோரைடு ஏறிய வாரம்

வராத நிலநடுக்கத்துக்குப் பயந்து ஒரு குடும்பத்தைக் குளிரில் படுக்க வைத்தவன் நான். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. எப்படியும் அலுவலகத்தில் எல்லோரும் சொல்வார்கள்.

பெங்களூர் பீன்யாவில் எங்கள் ஆய்வுக்கூடம். வடக்கே ஒரு மலையூரின் வெந்நீர் ஊற்றிலிருந்து வாராவாரம் கூரியரில் பாட்டில்கள் வரும். பூமிக்கடியில் பாறை நெருக்குண்டால் ஆழத்து நீர் மேலேறிக் கலந்து, ஊற்றின் உப்பு மாறலாம். மாறினால், பின்னால் நிலநடுக்கம் வரலாம். இந்த இரண்டு 'லாம்'களை நம்பித்தான் எனக்குச் சம்பளம். வருஷக்கணக்காக உப்பு அசையவில்லை. அசையாத ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருக்கும் அலுப்பைத் தினமும் சில்க் போர்டு சிக்னலில் நிற்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

போன கோடையில் உப்பின் அளவைக் காட்டும் குளோரைடு சட்டென்று இரண்டு மடங்கானது. அதே நீரை மறுபடி மெஷினில் ஓட்டினேன். அதே எண். அலுப்பு போய், ஜுரம் மாதிரி ஏதோ வந்தது.

அங்கே நீர் பிடித்து அனுப்புபவன் நீலசந்திராவில் என்னோடு வளர்ந்த சிநேகிதன். மனைவி, மகளோடு ஊற்றுக்குப் பக்கத்திலேயே ஒரு கல்வீட்டில் குடியிருக்கிறான். போனில் கூப்பிட்டேன்; ஊற்றில் ஒரு மாற்றமும் தெரியவில்லையே என்றான். நான் காதில் வாங்கவில்லை.

"மச்சி, இன்னிக்கு வீட்டுக்குள்ள படுக்காதே. காரணம் அப்புறம் கேளு."

மகளுக்கு மறுநாள் பரீட்சை என்று இழுத்தான். பரீட்சையா உயிரா என்று கேட்டுவிட்டேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது. மூன்று பேரும் ஜீப்பில் படுத்தார்கள்.

காலையில் எங்கள் அதிகாரியம்மாவிடம் வரைபடத்தை நீட்டினேன். அவர் கன்னடத்தில் ஒன்றே ஒன்று கேட்டார்: "ப்ளாங்க் ஹாகிதிரா?" ஊற்று நீரின் அடர்த்தியைக் குறைக்கக் கலக்கிறோமே சுத்த நீர், அதைத் தனியாக ஓட்டிப் பார்த்தீர்களா என்று அர்த்தம். கல்லூரிப் பையன்கூட மறக்காத வேலை, நான் மறந்திருந்தேன்.

ஓட்டினோம். உப்பு அதில்தான் இருந்தது. எங்கள் போர்வெல் வற்றி, சில வாரமாக டேங்கர் தண்ணீர்தான் வந்துகொண்டிருந்தது. அதை வடிகட்டி வடிகட்டி சுத்திகரிப்பு மெஷினும் கையை விரித்துவிட்டது. மலைக்கடியில் நான் கண்டுபிடித்தது பெங்களூரின் தண்ணீர்ப் பஞ்சம்.

போன் செய்தேன். மகள் தும்மிக்கொண்டே பரீட்சைக்குப் போயிருந்தாள். சிநேகிதன் திட்டவில்லை, போனை மனைவியிடம் கொடுத்துவிட்டான்.

"பூமி நடுங்கலைண்ணா," என்றார் அவர். "நாங்கதான் விடியவிடிய நடுங்கினோம்."