ஐந்தாவது ஆசிரியைக்கு நான் வைத்த பூ

2006-ஆம் வருஷமோ, அதற்கு அடுத்த வருஷமோ. தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் எல்லாம் பூட்டிக் கிடந்த நேரம். சிவகாசியில் ஓர் அச்சகத்தில், கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் டி.டி.பி. ஆபரேட்டராக நான் இருந்தேன். பட்டாசுக்கு ஓய்வு என்றால் எங்களுக்குக் காலண்டர் சீசன். தலை சொறிய நேரம் இருக்காது.

என்னோடு ஆறு பெண்கள் வேலை பார்த்தார்கள். மதியம் அவர்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி டப்பாவில் ஒருத்தி கைவிட்டுச் சாப்பிடுவார்கள். நான் மட்டும் கம்ப்யூட்டர் முன்னாலேயே சாப்பாட்டைத் திறந்துவிடுவேன். வேலை அதிகம் என்று சொல்லிக்கொள்வேன். நிஜக் காரணம் வேறு. சேர்ந்த அன்றைக்கே, அப்பாவுக்குச் சாத்தூரில் மளிகைக் கடை என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டிருந்தேன். சேர்ந்து உட்கார்ந்தால் கடை எந்தத் தெருவில் என்று பேச்சு வரும். கடையும் கிடையாது, தெருவும் கிடையாது. பத்தாவது முடித்த கையோடு பட்டாசுக் கம்பெனிக்குப் போய், ஆறு வருஷம் சரவெடி பின்னியவள் நான். அந்த நாட்களில் டவுன் பஸ்ஸில் ஏறினால், என் விரலில் இருக்கிற மருந்துக் கறையைப் பார்த்துவிட்டுப் பக்கத்து சீட்டு அம்மா சேலையைச் சுருட்டிக்கொள்வாள். அது மனதில் அப்படியே தங்கிவிட்டது. சாயங்கால வகுப்பில் கம்ப்யூட்டர் படித்து வெளியே வந்தபோது, கறையைக் கழுவியது மாதிரி அந்த ஆறு வருஷத்தையும் கழுவிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அதற்கு விலையாக மூன்று வருஷம் தனியாகச் சாப்பிட்டேன், அவ்வளவுதான்.

அப்போது சென்னையிலிருந்து ஒரு நடிப்புப் பயிற்சி ஸ்டுடியோவின் ஆர்டர் வந்தது. தங்களைப் பற்றிச் சொல்லும் சின்னப் புத்தகம். கடைசிப் பக்கங்களில் ‘எங்கள் ஆசிரியர்கள்’ என்று ஐந்து பேருடைய பின்னணி. ஒருவர் டெல்லியில் நாடகம் படித்தவர். ஒருவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றவர். இன்னும் இரண்டு பேர் இருபது, முப்பது வருஷம் மேடையில் நடித்தவர்கள். ஐந்தாவது ஒரு பெண். அவரைப் பற்றிய குறிப்பு இப்படித் தொடங்கியது: ‘சாத்தூர் அருகே ஒரு பட்டாசு ஆலையில், தன் தாயின் பக்கத்தில் அமர்ந்து ஒன்பது ஆண்டுகள் சரம் பின்னியவர். மனிதர்களின் கைகளைக் கவனிக்க அங்கேதான் கற்றுக்கொண்டார்.’

எனக்குத் திக்கென்றது. யாரோ என் பின்னால் வந்து நின்று என் கதையை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தது போல இருந்தது. டெல்லிக்கும் வெளிநாட்டுக்கும் பக்கத்தில் இதைப் போட்டு, விவரம் இல்லாதவர்கள் அந்தப் பெண்ணின் மானத்தை வாங்குகிறார்களே என்று கோபம் வந்தது. யாரையும் கேட்கவில்லை. அந்த இரண்டு வரியையும் எடுத்துவிட்டேன். எவ்வளவு அதிகப்பிரசங்கித்தனம் பாருங்கள்! எடுத்த இடம் பக்கத்தின் அடியில் வெறுமையாகத் தெரிந்தது. காலி இடத்தை நிரப்ப நாங்கள் வைத்திருக்கும் பூப் படங்களில் நல்லதாக ஒன்றைப் பார்த்து அங்கே வைத்தேன். சரிபார்க்கப் புரூஃப் சென்னைக்குப் போனது. அவர்கள் அட்டையையும் போன் நம்பரையும் மட்டும் பார்த்திருப்பார்கள் போல. சரி என்று திரும்பி வந்தது. அச்சடித்துவிட்டோம்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில், புத்தகக் கட்டுகளை வாங்கிப்போக அந்த ஐந்தாவது ஆசிரியையே வந்து நின்றார். புத்தகத்தில் அவர் போட்டோவை வைத்ததே நான் என்பதால் பார்த்ததும் தெரிந்துவிட்டது. என் வயதுதான் இருக்கும். லீவுக்கு ஊருக்கு வந்தவரிடம் ஸ்டுடியோவில் இந்த வேலையைச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கூடவே அவருடைய அம்மா. புத்தகத்தில் தங்களைப் பற்றி எழுதியிருப்பதாக மகள் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அந்த அம்மா நல்ல சேலை உடுத்தி வந்திருந்தார்.

நான் ஒரு கட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துப் பிரித்தேன். மகள் புத்தகத்தைப் புரட்டித் தன் பக்கத்தை எடுத்தார்.

“எனக்குத்தான் எழுத்து தெரியாதே. நம்மளப் பத்திப் போட்டிருக்கிறத வாசிச்சுக் காட்டு” என்றார் அம்மா.

மகள் பக்கத்தைப் பார்த்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டு மறுபடி வந்தார். அப்புறம் அவர் புத்தகத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, விரலால் வரி வரியாகத் தொட்டு வாசிக்க ஆரம்பித்தார். சாத்தூர் அருகே ஒரு பட்டாசு ஆலையில், தன் தாயின் பக்கத்தில் அமர்ந்து... ஒரு சொல் விடவில்லை. குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. அந்த வரிகள் அந்தத் தாளில் இல்லை என்பது அந்த அறையில் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. புத்தகத்தை வாங்கித் தடவிப் பார்த்து, “பூவெல்லாம் போட்டிருக்காக” என்றார்.

மகள் என் பக்கம் திரும்பினார். “இடம் பத்தலையாக்கா?” என்று மெதுவாகக் கேட்டார். கேட்கும்போதே அவர் விரல் அந்தப் பூவின் மேல் போய் நின்றது.

“ஆமா” என்றேன். வாயில் வந்தது அதுதான். அவர் தலையை ஆட்டிவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அங்கிருந்து தப்பித்தால் போதும் என்று அடுத்த கட்டை எடுத்துவந்து வைத்தேன். அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ எந்தக் கம்பெனில இருந்த, தாயி?”

பக்கத்தில் தாள் மடிக்கும் மேஜையில் ஆறு பெண்களும் வேலையை நிறுத்திவிட்டார்கள். நான் கம்பெனியில் எல்லாம் இருந்ததில்லை, அப்பாவுக்கு மளிகைக் கடை என்று அந்த அம்மா முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

“அப்படியா. தப்பா நெனைக்காத. கட்ட இழுக்காம, சத்தமில்லாமத் தூக்கி வச்சியே, அதான் கேட்டேன்.”

பட்டாசு வேலைக்குப் போனவர்களுக்கு இது புரியும். அங்கே எந்தப் பெட்டியையும் தரையில் இழுக்கக் கூடாது, பொத்தென்று போடக் கூடாது. உரசினால் உயிர் போய்விடும். முதல் நாளே அடித்துச் சொல்லிக் கொடுப்பார்கள். அச்சகத்தில் எல்லோரும் கட்டைத் தள்ளுவார்கள், எறிவார்கள். மூன்று வருஷமாக நான் ஒருத்திதான் தூக்கித் தூக்கி வைத்திருக்கிறேன். எனக்கே தெரியாது.

மகள் என்னைப் பார்த்தார். பூ எதற்கு வந்தது என்று அப்போது அவருக்கு விளங்கிவிட்டது என்றே நினைக்கிறேன். திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். “வாரோம்க்கா” என்று மட்டும் சொன்னார். ஆளுக்கொரு கட்டாக இடுப்பில் வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் ஏதோ பேசிச் சிரித்தபடி பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்கள். பின்னாலேயே ஓடிப்போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று கால் பரபரத்தது. போகவில்லை. அன்றைக்கு மதியமும் கம்ப்யூட்டர் முன்னால்தான் சாப்பிட்டேன்.

அடுத்த வருஷம் வேறு அச்சகத்துக்கு மாறினேன். மளிகைக் கடைப் பொய்யையும் கூடவே எடுத்துப் போனேன். அந்தப் புத்தகத்தில் ஒரு பிரதி இன்னும் என் பீரோவில் இருக்கிறது. பூவின் மேலேயே அந்த இரண்டு வரியையும் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

பெயர் போடாமல் எழுதுவதால் இதுவும் பாதித் தைரியம்தான் என்று தெரியும். ஆனாலும், தாளில் இல்லாத வரியை அம்மாவுக்காக வாசித்த அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டு, இத்தனை வருஷமாக நான் எங்கேயும் சொல்லாமல் விட்டுவிட்டே வந்த வரியை இங்கே எழுதிவிடுகிறேன்: பட்டாசுக் கம்பெனியில் ஆறு வருஷம் சரம் பின்னியவள் நான்.